நோய்முதல் தெரியாத கணினி

இல்லத்தில் பல்லாண்டு உழைத்த கணினி, பணியின் நடுவே திரை உறைந்து நின்றுவிடும். மின்னிணைப்பைத் துண்டித்து மீண்டும் இயக்கினால் ஒன்றுமே நேராதது போல் எழுந்து வேலை செய்யும். மறுநாளோ மறுவாரமோ அதே முடக்கம் திரும்ப வரும். பழுதுபார்ப்பவர் முன் கொண்டுபோய் வைத்தாலோ மிக நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவுக்கு அணித்தாக நிற்கும் சிம் லிம் ஸ்குவேர் கடைகளுக்கு இத்தகைய கணினிகளைச் சுமந்து சென்றோர் பலர்.

அங்கு நிகழ்வது ஒருவகை விலக்கல் முறை. முதலில் தூசியைத் துடைத்து, விசிறி சுழல்கிறதா என்று பார்ப்பர். வெப்பம் மிகுந்தால் கணினி தன்னைத்தானே நிறுத்திக்கொள்வதுண்டு. அடுத்து நினைவகப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஆராய்வர். பின்னர் மின்வழங்கியை மாற்றிப் பார்ப்பர். 2000ஆம் ஆண்டையொட்டிச் சில ஆண்டுகள் விற்பனையான தாய்ப்பலகைகள் பலவற்றில் மின்தேக்கிகள் தரக்குறைவால் உப்பிக் கசிந்தன. ஆதலின் அவற்றின் தலை உப்பியிருக்கிறதா என்று நோக்குவதும் வழக்கமாயிற்று. ஒருநேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது இத்தொழிலின் எழுதப்படாத விதி. இரண்டை ஒருங்கே மாற்றிப் பழுது நீங்கிவிட்டால், குற்றவாளி எது என்பது என்றுமே தெரியாது.

நிலைத்து நிற்கும் பழுதைக் காண்பது எளிது. வந்து வந்து மறையும் பழுதே வல்லுநரையும் திணறச் செய்வது. அத்தகைய பழுதுகளின் வரலாற்றில், சாங்கியிலிருந்து புறப்பட்ட ஒரு விமானத்தின் கதை தனியிடம் பெறுகிறது.

2008 அக்டோபர் 7ஆம் நாள் காலை, குவான்டாஸ் நிறுவனத்தின் 72ஆம் எண் விமானம் 303 பயணிகளையும் 12 பணியாளரையும் ஏற்றிக்கொண்டு சாங்கியிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகர் நோக்கிக் கிளம்பியது. அஃது ஏர்பஸ் ஏ330 வகையைச் சேர்ந்தது. அவ்வகை விமானத்தில் வேகம், உயரம், இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் முதலியவற்றைத் தெரிவிக்க மூன்று அளவைக் கணினிகள் உண்டு. அவை தரும் செய்தியைப் பெற்றுப் பறப்புக் கட்டுப்பாட்டுக் கணினிகள் விமானத்தைச் செலுத்தும். ஒன்று பிழைத்தால் மற்றவை காக்கும் என்பதே மூன்று வைத்ததன் நோக்கம்.

நண்பகல் கடந்து, 37,000 அடி உயரத்தில், முதல் அளவைக் கணினி பிதற்றத் தொடங்கியது. விமானம் மிக மெதுவாகச் செல்கிறது என்றும், மிக விரைவாகச் செல்கிறது என்றும் ஒன்றோடொன்று முரண்பட்ட எச்சரிக்கைகள் விமானியறையில் ஒலித்தன. ஏறத்தாழ இரண்டு நிமிடங்களில் விமானம் திடீரென மூக்கைத் தாழ்த்தி 600 அடிக்கு மேல் இறங்கியது. இடைவார் அணியாதிருந்தோரும் நின்றுகொண்டிருந்தோரும் கூரையில் மோதி வீழ்ந்தனர். மூன்று நிமிடம் கழியுமுன் மீண்டும் ஒரு முறை, சற்றுக் குறைந்த அளவில், அதுவே நிகழ்ந்தது. தலைமை விமானி கெவின் சல்லிவன் எக்ஸ்மவுத் அருகிலுள்ள லியர்மவுத் தளத்தில் விமானத்தை இறக்கினார். காயமுற்றோர் நூற்றுக்கு மேற்பட்டோர். அவர்களுள் 12 பேருக்குக் கடுங்காயம்.

ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் ஆய்வு தொடங்கியது. அதன் கண்டுபிடிப்புகளுள் வியப்பூட்டுவது ஒன்றுண்டு. அளவைக் கணினி அனுப்பும் ஒவ்வோர் எண்ணும் ஒரு பெயர்ச்சீட்டோடு செல்லும். பிதற்றிய கணினியோ ஓர் அளவின் எண்ணை இன்னோர் அளவின் பெயரில் அனுப்பியிருந்தது. ஒரு மாணவனின் மதிப்பெண்ணை மற்றொருவன் பெயருக்கு நேரே எழுதிவிட்டது போன்றது இது. 37,012 அடி என்னும் உயரத்தைக் குறிக்கும் இருமக் குறியீடு, கோணத்தின் பெயரில் படிக்கப்பட்டபோது 50.625 பாகையாயிற்று. சீராகப் பறக்கையில் அக்கோணம் சில பாகைகளே இருக்கும். 50 பாகை என்றால் விமானம் தாங்குதிறன் இழந்து விழப்போகிறது என்று பொருள். அதைத் தடுக்கவே கட்டுப்பாட்டுக் கணினி மூக்கைத் தாழ்த்தியது. அது தன் கடமையைச் செய்தது; கேட்ட செய்திதான் பொய்.

பொய்ச் செய்தியை வடிகட்டவும் ஏற்பாடு இருந்தது. ஓர் எண் திடீரெனத் தாவினால், முன்னைய எண்ணையே 1.2 நொடி நேரம் பிடித்துக்கொள்ளுமாறு நிரல் எழுதப்பட்டிருந்தது. ஆயின் இரண்டாவது தாவல் அதே 1.2 நொடி இடைவெளியில் வந்தால் என்ன ஆகும் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. அந்தச் சிறு வாயிலின் வழியே பொய் நுழைந்தது.

இவ்வளவும் தெரிந்தபின், அளவைக் கணினி ஏன் பிதற்றியது என்ற வினா எஞ்சியது. அதே கருவி, அதே விமானத்தில், 2006 செப்டம்பர் 12ஆம் நாள் ஹாங்காங்கிலிருந்து பெர்த் செல்லும் வழியிலும் இவ்வாறே தடுமாறியிருந்தது. அன்று விமானம் தாழவில்லை, எவருக்கும் தீங்கில்லை. தரையில் சோதித்தபோது பழுது தென்படாமையால் கருவி மீண்டும் பணிக்குச் சென்றது. வீட்டுக் கணினியை மறுபடி இயக்கிவிட்டு, சரியாகிவிட்டது என்று எழுந்து போவதற்கும் இதற்கும் வேறுபாடு அதிகமில்லை.

ஆய்வாளர்கள் விலக்கல் முறையையே கையாண்டனர். நிரல் பிழை, உறுப்புகளின் தேய்வு, வெப்பம், அதிர்வு, மின்காந்தக் குறுக்கீடு என ஒவ்வொன்றையும் தேர்ந்தனர். எக்ஸ்மவுத் அருகே ஆஸ்திரேலியக் கடற்படையின் வலிய வானொலி நிலையம் ஒன்று உண்டு. அதன்மீதும் ஐயம் விழுந்தது. அதுவும் காரணமாயிருத்தல் அரிது எனப்பட்டது. எஞ்சியது விண்வெளிக் கதிர். 1978இல் இன்டெல் நிறுவனத்தின் டிமோத்தி மேயும் மர்ரே வுட்சும், நினைவகச் சில்லின் உறையிலிருந்த கதிரியக்கச் சுவடுகள் உமிழும் ஆல்பாத் துகள்கள், உள்ளே எழுதிய சுழியத்தை ஒன்றாகவும் ஒன்றைச் சுழியமாகவும் மாற்றக்கூடும் என்று காட்டினர். விண்ணிலிருந்து வரும் துகள்களும் அதனைச் செய்யவல்லவை என்று 1979இல் ஐபிஎம் அறிஞர் ஜேம்ஸ் சீக்லர் முதலானோர் எழுதினர். சில்லுக்கு வடு ஏதும் நேராது. மீண்டும் இயக்கினால் குற்றத்தின் தடயமே இராது. 37,000 அடியில் அத்துகள்கள் தரையைவிடப் பன்மடங்கு. ஆயினும், அதுவே காரணம் என்று கூறப் போதிய சான்றில்லை எனப் பணியகம் ஒப்புக்கொண்டது.

நோயையும் நோயின் முதலையும் நாடியபின் தணிக்கும் வழி நாடச் சொன்னார் வள்ளுவர். இங்கோ முதல் கிடைக்காமலே வழி நாட வேண்டியதாயிற்று. கோண அளவு இவ்வாறு தாவினாலும் விமானம் தாழாதபடி கட்டுப்பாட்டு நிரல் திருத்தப்பட்டது. அதற்கு முன்பாகவே, இத்தகைய தடுமாற்றம் கண்டால் அளவைக் கணினியை உடனே அணைத்துவிடுமாறு விமானிகளுக்கு நடைமுறை வகுக்கப்பட்டது. அது வீண்போகவில்லை. 2008 டிசம்பர் 27ஆம் நாள் பெர்த்திலிருந்து சாங்கி நோக்கி வந்த மற்றொரு குவான்டாஸ் விமானத்தில், வேறொரு கருவி அதே நோய்க்கு ஆளானது. விமானிகள் அதனை அணைத்துவிட்டுப் பெர்த்துக்கே திரும்பினர், ஒருவருக்கும் காயமில்லை.

இறுதி அறிக்கை 2011 டிசம்பரில் வெளிவந்தது. அவ்வகைக் கருவிகள் அனைத்தும் சேர்ந்து உழைத்த 12 கோடியே 80 இலட்சம் மணிநேரத்தில் இப்பழுது மும்முறையே நேர்ந்தது என்று அது கணக்கிட்டது. ஏன் நேர்ந்தது என்னும் இடத்தில், உறுதியான காரணம் எதுவும் எழுதப்படவில்லை.