பேதியும் பண்ணைக் கடனும்

1817-இல் வங்காளத்து ஜெஸ்ஸூரில் பரவத் தொடங்கிய வாந்திபேதி, மறு ஆண்டே சென்னை ராஜதானிக்குள் புகுந்து, அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் காவிரிப் படுகையை விட்டு நீங்காமல் நிலைத்ததற்கு, அந்நாட்டின் வளத்துக்கு மூலமான வாய்க்கால்களே ஏதுவாயின. பயிருக்குப் பாயும் தண்ணீரிலேயே மாடு கழுவி, துணி துவைத்து, ஸ்நானம் செய்து, அதையே குடத்தில் மொண்டு குடித்தார்கள். ஆறு வற்றிய கோடையில் குளமும் குட்டையுமே கதி. மிராசுதாரர் கொல்லையில் கிணறு இருந்தது. அதில் நீர் மொள்ளச் சேரி ஜனங்களுக்கு உரிமை இல்லை.

பண்ணையாளின் கூலி மரக்காலால் அளக்கப்பட்ட நெல். நடவு நாளில் புருஷன் பேதி கண்டு படுத்தால், அவன் கூலியோடு, அருகிருந்து பார்த்த மனைவியின் கூலியும் போயிற்று. வைத்தியருக்கும், பிடாரி பூசைக்கும், உயிர் போய்விட்டால் ஈமச் சடங்குக்கும் மிராசுதாரரிடமே கைநீட்ட நேர்ந்தது. கல்யாணக் கடனைப் போல இதுவும் தீராமல் நின்று, தகப்பன் வாங்கிய நெல்லுக்கு மகன் அதே பண்ணையில் உழைக்கும்படி ஆயிற்று. பிழைத்தவனையும் வியாதி இவ்வாறு கட்டிப்போட்டுச் சென்றது என்பதே என் நெஞ்சை மிகவும் வருத்துவது.

இத்தகைய செலவை அக்காலத்து அரசர் அறியாதவர் அல்லர். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் முதலிய தர்மங்களை நடத்திய தஞ்சைச் சரபோஜி மன்னர், 1801-இல் ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில், சத்திரத்தில் நோயுற்ற வழிப்போக்கருக்கு வைத்தியரும் மருந்தும் பத்திய ஆகாரமும் அளிக்கப்படுவதையும், இறந்தவருக்கு அவரவர் வழக்கப்படி அந்திமக் கிரியை நடப்பதையும் விவரித்திருக்கிறார். ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளும் செலவுகள் அத்தனையும் அந்த ஒரு பட்டியலில் அடங்கிவிட்டன. ஆயினும் ராமேசுவரம் போகும் வழியில் சத்திரத்தில் தங்கிய யாத்திரிகனுக்குக் கிட்டிய அந்தச் சம்ரக்ஷணை, சத்திரத்துக்கு நெல் விளைவித்தவனின் குடிசையை எட்டவில்லை.

1952-இல் வந்த தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், கூலிக்கும் வேலை நீக்கத்துக்கும் வரம்பு கட்டியது. மருத்துவமோ பின்னர்தான் மலிந்தது. உப்பிட்ட நொய்க் கஞ்சியை நம் பாட்டிமார் அறிந்திருந்தும், பேதி கண்டவனுக்குத் தண்ணீர் ஆகாது என்ற எண்ணம் பல வீடுகளில் வேரூன்றியிருந்தது. 1971-இல் வங்காள எல்லையில் பன்காவ் ஊரில் இருந்த அகதிகளிடையே திலீப் மஹலானபிஸ் என்னும் வைத்தியர், உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரைப் பருகக் கொடுத்து, பேதி கண்டவரில் 100-க்கு 30 வரை சென்ற மரணத்தை 4-க்கும் கீழே இறக்கிக் காட்டினார். அந்த மருந்தின் விலை இன்று சில ரூபாய். தஞ்சை அரசு மருத்துவமனையில் அந்தச் செலவும் இல்லை. நடவுக்குப் போக வேண்டிய தாய், பேதி கண்ட குழந்தையோடு அங்கே உட்கார்ந்திருக்கும் நாளின் கூலியை மட்டும் இன்றும் அவளே இழக்கிறாள்.