அனுப்பாத மடலின் முன்தோற்றம்

கடவுச்சொல் மீட்பு, கட்டண ரசீது போன்ற மடல்களைத் தானே அனுப்பும் இணையச் செயலியை உருவாக்குவோருக்கு, சோதனை மடல் உண்மையான வாடிக்கையாளரின் பெட்டியில் போய் விழுந்துவிடுமோ என்ற அச்சம் எப்போதும் உண்டு. 2004இல் டேவிட் ஹைனமயர் ஹான்சன் வெளியிட்ட ரூபி ஆன் ரெயில்ஸ் என்னும் செயலிக் கட்டமைப்பில், மடலை வெளியே விடாமல் கணினியின் நினைவகத்திலேயே அடுக்கிவைக்கும் சோதனை முறை இருந்தது. அதைக் கொண்டு வாசகத்தைச் சரிபார்க்க முடிந்ததே தவிர, தோற்றத்தைக் கண்ணால் காண வழியில்லை.

இக்குறையை ரயன் பேட்ஸ் எழுதிய லெட்டர் ஓப்பனர் என்ற நிரல்தொகுப்பு தீர்த்தது. அனுப்பும் ஆணை பிறந்தவுடன் அது மடலைக் கோப்பாகச் சேமித்து உலாவியில் திறந்துகாட்டியது. மெயில்கேட்சர் என்ற மற்றொரு கருவியோ, 1025ஆம் போர்ட்டில் அஞ்சல் சேவையகம்போல் நடித்து, வரும் மடல்களையெல்லாம் பிடித்துவைத்து, 1080ஆம் போர்ட்டில் உலாவிக்குக் காட்டியது. எனினும், ஓர் எழுத்தின் நிறத்தை மாற்றிப் பார்ப்பதற்குக்கூடப் பதிவுப் படிவத்தை மறுபடி நிரப்பி மடலைப் பிறப்பிக்க வேண்டியிருந்தது சலிப்பூட்டும் வேலையே.

2014இல் வந்த ரெயில்ஸ் 4.1, மாதிரித் தரவுகளைக் கொண்டு மடலை உருவாக்கி, அனுப்பும் படியே இல்லாமல் உலாவியில் காட்டும் முன்தோற்ற வசதியைக் கட்டமைப்பிலேயே சேர்த்தது. வார்ப்புருவைத் திருத்திப் பக்கத்தைப் புதுப்பித்தால் போதும். ஆயினும் உலாவியில் ஒழுங்காகத் தெரிந்த மடல், வேர்டு மென்பொருளின் காட்சிப்பொறியை 2007ஆம் பதிப்பில் ஏற்றுக்கொண்ட அஞ்சல் செயலியான அவுட்லுக்கில் குலைந்துபோவது தொடர்ந்தது.