பழைய பிளாஷ், புதிய கமரா: மாட்டுமுன் ஒரு நிமிடம்



ஊரில் ஒரு காலம் ஸ்டூடியோ நடத்தியவர்களின் அலுமாரிகளில் பழைய பிளாஷ்கள் இன்னும் கிடக்கின்றன. "பிள்ளைகளுக்குப் பயன்படட்டும்" என்று அவற்றைப் பாடசாலைக்குத் தர நினைப்பவர்களும் இருக்கிறார்கள். நல்ல மனம்தான். ஆனால், பழைய மாணவர்கள் காசு சேர்த்து வாங்கித் தந்த ஒரே கமராவில் அதை மாட்டுமுன் அதன் வரலாற்றைக் கொஞ்சம் அறிந்துகொள்வோம்.

1887இல் ஜெர்மனியில் அடொல்ஃப் மீத்தே, யொஹன்னெஸ் கேடிக்கே இருவரும் மக்னீசியத்துடன் பொட்டாசியம் குளோரேற்று முதலியவற்றைக் கலந்து வெளிச்சத் தூள் தயாரித்தார்கள். நியூயோர்க்கின் இருண்ட சேரி வீடுகளை ஜேக்கப் ரீஸ் படம்பிடித்து உலகுக்குக் காட்டியது இத்தகைய தூளின் வெளிச்சத்தில்தான். படமெடுக்கப் போன இடத்தில் அவர் தவறுதலாகத் தீ மூட்டிய சம்பவங்களும் உண்டு. அன்று ஆபத்து படமெடுப்பவரின் கைக்கும் முகத்துக்கும் எதிரே இருந்தது.

1930 அளவில் கண்ணாடிக் குமிழ் பிளாஷ் வந்தது. புகை குறைந்தது, ஆனால் ஒரு குமிழ் ஒரு படத்துக்கு மட்டுமே. அதே 1930களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹரோல்ட் எட்ஜெர்டன், வாயு நிரப்பிய குழாயில் மின்சாரத்தைப் பாய்ச்சித் திரும்பத் திரும்ப ஒளிரவைக்கும் முறையை வளர்த்தெடுத்தார். இன்றைய பிளாஷின் அடிப்படை அதுதான்.

இந்த வகைப் பிளாஷுக்குள் இருக்கும் கொள்ளளவி 300 வோல்ட் அளவில் மின்னேற்றப்படுகிறது. பழைய பிளாஷ்கள் பலவற்றில் அந்த உயர் மின்னழுத்தத்தின் பெரும்பகுதி கமராவோடு தொடும் முனையிலும் இருக்கும். பழைய இயந்திரமுறைப் பிலிம் கமராவுக்கு அது பெரிய விஷயமல்ல. அதன் உள்ளே இரண்டு உலோகத் துண்டுகள் ஒன்றையொன்று தொடும், பிளாஷ் அடிக்கும். அவ்வளவுதான். டிஜிட்டல் கமராவில் அந்த வேலையைச் செய்வது ஒரு சிறிய இலத்திரனியல் ஆளி. அது தாங்கும் அளவு கமராவுக்குக் கமரா வேறுபடும்.

பிளாஷைச் செருகும் இடத்தின் வடிவம் பல பத்தாண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. அதனால் பழைய பிளாஷ் புதிய கமராவில் அழகாகப் பொருந்திவிடும். நம்மை ஏமாற்றுவது அந்தப் பொருத்தம்தான்.

1992இல் வந்த ஐ.எஸ்.ஓ. 10330 தரம், கமராக்கள் 24 வோல்ட் வரை தாங்க வேண்டும் என்றது. கெனன் தனது தொடக்ககால இஓஎஸ் கமராக்கள் சிலவற்றுக்கு 6 வோல்ட் வரம்பையே கூறியது. நிக்கொன் கமராக்கள் பலவற்றின் கையேட்டில் 250 வோல்ட் என்று இருக்கும். விவிட்டார் 283 பிளாஷை எடுங்கள்: ஒரே பெயர்தான், ஆனால் ஆரம்பத்தில் வந்தவற்றில் 200 வோல்ட்டைத் தாண்டுவனவும் உண்டு, பிற்காலத்தில் வந்தவை மிகக் குறைவு. எனவே பெயரை வைத்து முடிவெடுக்க முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளப்பது கடினமல்ல:

1. புதிய பற்றரி போட்டு, பிளாஷைக் கமராவில் மாட்டாமல் இயக்குங்கள். தயார் விளக்கு எரிந்தபின் சில நிமிடம் விடுங்கள்.

2. டிஜிட்டல் மல்டிமீற்றரை நேரோட்ட மின்னழுத்தத்தில், 600 அல்லது 1000 வோல்ட் வீச்சில் வையுங்கள்.

3. பிளாஷின் அடியில் நடுவிலுள்ள முனையில் சிவப்புக் கம்பியையும், பக்கத்து உலோகத் தொடுகையில் கறுப்புக் கம்பியையும் வையுங்கள். விரல் உலோகத்தில் படக் கூடாது.

4. வரும் எண்ணைக் கமராவின் கையேட்டோடு ஒப்பிடுங்கள். கையேடு இல்லையென்றால், 6 வோல்ட்டுக்கு மேல் காட்டும் எதையும் மாட்டாதீர்கள். எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தாலும் வேண்டாம்.

கூட வந்தாலும் பிளாஷை எறிய வேண்டியதில்லை. வெளிச்சத்தைக் கண்டு இயங்கும் 'ஸ்லேவ்' கருவியை அதில் பொருத்தித் தனியே ஒரு ஸ்டாண்டில் வைக்கலாம். கமராவோடு மின் தொடர்பே இராது. கமராவின் சொந்த பிளாஷை மனுவலில் வையுங்கள். இல்லையென்றால் முன்னோட்டமாக வரும் சிறு வெளிச்சத்துக்கே பழையது அடித்துவிடும்.

ஒன்றை மட்டும் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைப்போம்: பிளாஷைத் திறக்கக் கூடாது. பற்றரியைக் கழற்றிய பிறகும் கொள்ளளவியில் ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கும். கமரா பழுதானால் மீண்டும் காசு சேர்க்கலாம். பிள்ளையின் கைக்கு அப்படி ஒரு வழி இல்லை.

வீட்டில் பழைய பிளாஷ் வைத்திருப்பவர்களுக்கு இதைப் பகிர்ந்துவிடுங்கள்.