பதுளைத் திருச்சபையும் தோட்டத் தமிழரும்

பதுளை நகரிலே பரிசுத்த மாற்கு ஆலயம் என்னும் சிறிய ஆங்கிலிக்கன் கோயில் ஒன்று இருக்கின்றது. அது ஒரு போர்வீரரின் நினைவாக எழுந்தது. மேஜர் தாமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்பவர் பதுளையிலே பல ஆண்டுகள் அரசாங்க அதிகாரியாகவும் நீதிபதியாகவும் இருந்தவர். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று பெயர் பெற்றவர். 1845ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஹப்புத்தளையிலே இடிவிழுந்து அவர் மாண்டார். அவருடைய உடல் நுவரெலியாவில் அடக்கஞ் செய்யப்பட்டது. நண்பர்கள் பொருள் திரட்டிப் பதுளையிலே கோயிலைக் கட்டினர். 1857இல் அத்தியட்சர் ஜேம்ஸ் சாப்மன் அதனைத் திறந்துவைத்தார். ரொஜர்ஸ் இறந்த 1845ஆம் ஆண்டிலேயே கொழும்பு அத்தியட்ச மண்டலம் அமைக்கப்பட்டது; அதன் முதல் அத்தியட்சர் இந்தச் சாப்மனே.

கோயில் சுவரிலே ரொஜர்ஸின் பெயர் கல்லில் நிலைத்தது. ஆனால் அந்தத் திருச்சபையின் வரலாறு அக்கல்லோடு முடிவதன்று. மலைச்சரிவுகளில் லயங்களிலே வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலே, எவ்வாறு எழுதப்பட்டன என்பதும் அவ்வரலாற்றில் அடங்கும்.

கோயில் எழுந்த காலம் கோப்பிச் செய்கை ஓங்கியிருந்த காலம். திருநெல்வேலி, இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் கங்காணிமாரின் பின்னே கடல் கடந்து, காட்டுவழி நடந்து மலைநாட்டை அடைந்தனர். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். வந்தவர்களிற் பெரும்பாலோர் மாரியம்மனையும் முருகனையும் வணங்கியவர்கள். கிறிஸ்தவர் சிறு தொகையினரே. அச் சிறு தொகையினரைத் தேடியும், ஏனையோருக்குப் போதிக்கவும், 1854ஆம் ஆண்டில் ஒரு மிஷன் தோன்றிற்று. ஆங்கிலத்தில் அதற்கு இட்ட பெயர் தமிழ்க் கூலி மிஷன் என்பதாகும். திருநெல்வேலியிலே ஊழியஞ் செய்து தமிழ் பயின்றிருந்த செப்திமஸ் ஹாப்ஸ் ஐயர் அதன் தொடக்க காலப் பொறுப்பை ஏற்றார். திருநெல்வேலிச் சபைகளிலிருந்து உபதேசிமார் அழைத்துவரப்பட்டனர். நாளடைவில் அந்த வேலை ஊவாவையும் எட்டியது.

இவ்வுபதேசிமாரின் நிலை எளிதானதன்று. மிஷனின் செலவிற் பெரும்பங்கைத் தோட்டத் துரைமாரே நன்கொடையாகத் தந்தனர். துரையின் இசைவின்றித் தோட்டத்தினுள் எவரும் கால்வைக்க இயலாது. ஆகவே உபதேசியார் தொழிலாளரின் மொழியைப் பேசியவராயினும், துரையின் அனுமதியால் வந்தவராகவே நின்றார். துன்பத்திலே ஆறுதல் கூறலாம். அத்துன்பத்துக்குக் காரணமானவரைச் சுட்டிப் பேசுவது அரிது. இந்தக் குறை அவ்வேலையின் அடித்தளத்திலேயே இருந்தது.

தோட்டத் தமிழ்ச் சபை யாருடைய பொறுப்பு என்ற கேள்வி 1876இல் பெரும் பூசலாக வெடித்தது. அத்தியட்சர் ரெஜினால்ட் கொப்பிள்ஸ்டன் அப்பொழுது முப்பது வயது கடந்த இளைஞர். ஒரு வட்டாரத்திலுள்ள ஆங்கிலேயரும் தமிழரும் அவ்வட்டாரக் குருவானவரின் கீழ் ஒரே சபையாக அமைய வேண்டுமென்பது அவர் கருத்து. தமிழ் வேலையைத் தம் கையினின்றும் விட மிஷனரிமார் விரும்பவில்லை. வட்டாரக் குருமார் சிலரின் வழிபாட்டு முறையும் அவர்களுக்கு உடன்பாடாக இல்லை. அத்தியட்சர் மிஷனரிமாரின் உரிமைப் பத்திரங்களை மீட்டுக்கொள்ளுமளவுக்குப் பிணக்கு முற்றியது. 1880இல் இங்கிலாந்தின் பிரதம அத்தியட்சர்கள் கருத்துரை வழங்கிய பின்னரே அது தணிந்தது. தீர்ப்பைத் தேடிக் கடிதங்கள் கடல் கடந்தன. லயத்திலிருந்த தமிழரின் விருப்பம் அப்பூசலில் இடம்பெறவில்லை.

இதற்கிடையிலே மலைநாட்டின் வாழ்வே மாறிவிட்டது. 1869இல் கோப்பி இலைநோய் முதன்முதலாகக் காணப்பட்டது பதுளைக்கு அண்மையிலுள்ள மடூல்சீமைப் பகுதியிலேதான். சில ஆண்டுகளிற் கோப்பி அழிந்தது. தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்குப் பருவகாலத்தில் மட்டும் ஆள் மிகுதியாக வேண்டும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து கொய்ய வேண்டும். ஆதலால் குடும்பம் குடும்பமாக மக்கள் தங்கினர். குழந்தைகள் லயங்களிலே பிறந்தனர். 1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. 1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. அதற்கு முன்னரே, 1881ஆம் ஆண்டின் சட்டப்படி ஆங்கிலிக்கன் சபைக்கு அரசாங்கம் அளித்துவந்த பொருளுதவியை நிறுத்த முடிவாயிற்று. அதன்பின் திருச்சபைகள் சபையாரின் காணிக்கையை நம்பியே நிற்கவேண்டியதாயிற்று.

அத்தகைய சபையின் வாரம் ஞாயிற்றுக்கிழமையிலே தொடங்கும். ஆங்கிலிக்கன் ஜெப புத்தகத்தில் ஒரு விதி உண்டு. விசுவாசப் பிரமாணம் சொல்லி முடிந்தவுடன், வரும் வாரத்துத் திருநாட்களைக் குருவானவர் சபைக்கு அறிவிக்க வேண்டும். திருமண ஓலையையும் வாசிக்க வேண்டும் என்பது அவ்விதி. செய்தித்தாளை வாங்கவும் வாசிக்கவும் இயலாத மக்களுக்கு அந்தச் சில நிமிடங்களே வாரச் செய்தியாயின. எந்தத் தோட்டத்தில் எந்நாள் வழிபாடு, எப்பொழுது நற்கருணை, எவர் நோயுற்றிருக்கிறார், எவர் மறைந்தார் என்பன அங்கேதான் பலர் அறியச் சொல்லப்பட்டன.

திருமண ஓலை மூன்று ஞாயிறுகள் வாசிக்கப்படும். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, தடையறிந்தவர் சொல்லுக என்று குருவானவர் கேட்பார். வார நாட்களிலே பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று ஏவலுக்குக் காத்திருந்த ஒருவனின் பெயர், தந்தையின் பெயரோடு சேர்த்து, ஒரு சபையின் முன்னே மும்முறை மரியாதையுடன் கூறப்பட்டது. ஊரிலே சாதியும் தோட்டத்திலே கங்காணியும் குறித்த இடத்துக்கு அப்பாலே, அவனுக்கு வேறோர் இடமும் உண்டு என்பதை அது உணர்த்திற்று.

தோட்டத்து வழக்கிலே 'பேர்' என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. ஒரு நாள் முழுவேலைக்கு ஒரு பேர். வேலை குறைந்தால் அரைப்பேர். செக்ரோல் என்னும் வேலைப் பதிவிலே பேர் விழுந்தால்தான் கூலி. அங்கே பேர் என்பது மனிதனைக் குறியாது. அவன் ஈட்டிய கூலியைக் குறித்தது. தோட்டம் மாறுவதற்குத் 'துண்டு' என்னும் சீட்டு வேண்டும். அதிலே எழுதப்பட்டது அவன் பட்ட கடன். 1921ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழிக்கும்வரை கடனே அவனுடைய அடையாளமாக இருந்தது.

திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடு இவ்விரண்டுக்கும் வேறானது. குழந்தையின் பெயர், தாய் தந்தையர் பெயர், இருப்பிடம், தந்தையின் தொழில், ஞானஸ்நானம் கொடுத்தவர் பெயர், நாள் ஆகியவை அதில் எழுதப்படும். கூலியுமில்லை, கடனுமில்லை. துரையின் பிள்ளைக்குரிய கட்டங்களே தொழிலாளியின் பிள்ளைக்கும் உரியவை. மிஷனின் பெயர்ப்பலகையிலிருந்த இழிசொல்லும் பின்னர் நீங்கித் தமிழ்த் திருச்சபை மிஷன் என்றாயிற்று. கூலி என்ற சொல் இருந்த இடத்திலே திருச்சபை என்ற சொல் வந்தமர்ந்தது.

ஒரு வரிப் பதிவின் கனம் என்ன என்பதை 1948ஆம் ஆண்டு மலைநாட்டு மக்களுக்குக் காட்டியது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிலே பிறந்தவரா, அல்லது பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்தவரா என்று கேட்டது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டமோ, மணமானவர் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழாண்டுகளும், மணமாகாதவர் பத்தாண்டுகளும் இடைவிடாது இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்திலே பிறந்து, மலையிலே உழைத்து, அங்கேயே அடக்கஞ் செய்யப்பட்டவர்களின் பிள்ளைகள் தாம் இந்த மண்ணினர் என்பதைக் காகிதத்தால் நிறுவ வேண்டியவராயினர். பெயர் எழுதப்படாதவர் பிறவாதவர் போலாயினர். திருச்சபையின் பதிவேடு சிறு தொகையினரையே தாங்கியது. பெருந்தொகையான சைவ மக்களுக்கு அத்தகைய புத்தகமே இருக்கவில்லை. அவர்களுடைய கோயில் பிறப்பைக் கொண்டாடியது. ஆனால் பதிந்து வைக்கவில்லை.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 மக்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவது, எஞ்சிய 1,50,000 பேரின் முடிவைப் பின்னர் காண்பது என்று இரு அரசுகளும் இசைந்தன. 1974இல் அந்த எஞ்சியோரும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பின்வந்த ஆண்டுகளில் ஊவாவின் தோட்டங்களிலிருந்தும் குடும்பங்கள் தலைமன்னாருக்குப் பயணமாயின. சகோதரருள் ஒருவர் போக, ஒருவர் தங்கினார். இன்னும் நாடற்றவராக இருந்தோருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் நிறைவேறியது. 1948இல் பிறந்த குழந்தைக்கு அப்பொழுது ஐம்பத்தைந்து வயது.

பரிசுத்த மாற்கு ஆலயத்தின் நினைவுக்கல்லைப் பார்க்க வருவோர் யானை வேட்டைக்காரரின் கதையைக் கேட்டுச் செல்கின்றனர். திருச்சபையின் பதிவேடுகளைக் கேட்டு வருவோரோ பிறிதொரு காரணத்தோடு வருபவர்கள். பாட்டன் பெயர் என்ன, அவர் எந்தத் தோட்டத்திலே பிறந்தார் என்று அறிய விரும்பும் பேரப்பிள்ளைக்கு, மங்கிய மையிலே அந்தப் பெயரைக் காட்டும் புத்தகம் சிலவேளை அது ஒன்றே.