பேறுகாலமும் புகையிலையும்

இராஜபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கிராம செவிலியராக வேலை பார்த்தவள் நான். பிள்ளை பெற்றவளுக்குச் செரிமானத்துக்கென்று வெற்றிலை மடித்துக் கொடுப்பது இங்கே பழைய வழக்கம். காட்டில் களையெடுக்கும் பெண்கள் பசியை அடக்க அதில் புகையிலையையும் கிள்ளி வைத்துக்கொண்டார்கள். மாசமானாலும் விடவில்லை.

குழந்தையின் எடை குறையும், குறைப்பிரசவம் ஆகும், நிகோடின் தாய்ப்பாலிலும் இறங்கும் என்பேன். "எங்க ஆத்தா போடலையா?" என்பார்கள். மாமியாரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசினால்தான் எடுபடும்.

இப்படிக் குடும்பத்தையும் சேர்த்துக்கொள்வது புதிதல்ல. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய நிறுவனம் குடிநோய்ச் சிகிச்சையில் மனைவிமாரையும் சேர்த்துக்கொண்டது. பெரிய காரியம் அது. ஆனால் பழக்கத்துக்கு ஆளானவளே கர்ப்பிணி என்றால்? ஆண்கள் நிறைந்த வார்டுக்கு எந்தக் குடும்பம் அனுப்பும்? அவளுக்கான சிகிச்சை அவள் வரும் பரிசோதனை நாளிலேயே தொடங்கவேண்டும். 2013-இல் உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் சொன்னது: ஒவ்வொரு வருகையிலும் புகையிலை பற்றிக் கேளுங்கள், முதலில் ஆலோசனை கொடுங்கள். அதே ஆண்டு தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை வந்தது. 2016-இல் புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற இலவச தொலைபேசி எண்ணும் வந்தது. அதைக் கர்ப்பகால அட்டையின் பின்புறம் பேனாவால் எழுதிக் கொடுப்பேன்.