இடிந்த சுவர்களும் இடியாத சுவர்களும்

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி வட்டாரத்துப் படவேடு, ஒருகாலத்தில் சம்புவராயர்களின் தலைநகராக விளங்கியது. பதினான்காம் நூற்றாண்டில் விசயநகர இளவரசர் குமார கம்பணரின் படைக்கு அவ்வரசு பணிந்தது. அக்கோட்டைச் சுவர்கள் இன்று சிதைந்து கிடக்கின்றன. அரசர் எழுப்பிய சுவர்கள் விழுந்துவிடுகின்றன. மனிதர் மனத்துள் எழுப்பும் சுவர்களோ அத்தனை எளிதில் விழுவதில்லை. இதற்கு நம் திருச்சபையின் வரலாறே சான்று.

1606இல் இராபர்ட் தெ நொபிலி அடிகளார் மதுரைக்கு வந்தபோது, திருமுழுக்குப் பெறுவதென்றால் தம் இனத்தைத் துறந்து பரங்கியராவது என்றே மக்கள் எண்ணினர். அவர் காவியுடுத்தி, தமிழும் வடமொழியும் கற்று, கிறிஸ்துவை ஏற்க இனம் மாற வேண்டியதில்லை எனக் காட்டினார். அவருக்கு முன்பே அங்குப் பணியாற்றிய மூத்த குருவான கொன்சாலோ பெர்னாண்டஸ் இதை ஏற்கவில்லை. எனினும் 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி இம்முறைக்கு இசைவளித்தார். இனச் சுவர் தளர்ந்தது. ஆனால், திறந்த அதே வாயில் வழியே சாதியும் உள்ளே வந்தது. 1640 முதல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கெனப் பண்டாரசாமிகள் என்ற வேறு குருக்கள் பணியாற்றலாயினர்.

புதுச்சேரிக் கோயிலுக்குள் மக்களைப் பிரித்து நின்ற சுவர் 1745இல் அகற்றப்பட்டதை ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு சொல்கிறது. ஆனால் 1872இல் வடக்கன்குளத்தில் எழுந்த ஆலயமோ, ஒரே பீடமும் இரு கிளைகளுமாக, நடுவே சுவர் கொண்டு அமைந்தது. வேளாளர் ஒருபுறமும் நாடார் மறுபுறமும் நின்றனர். 1910இல் அச்சுவர் இடிக்கப்பட்டபோது, மூதாதையர் வழக்கம் எனக் கூறிச் சிலர் நீதிமன்றம் சென்றனர். சென்னை உயர் நீதிமன்றம் அவ்வுரிமையை ஏற்க மறுத்தது.

வழக்கம் என்பது யாது? முந்திய தலைமுறையின் அதிகாரம், அடுத்த தலைமுறையின் கண்ணுக்கு இயற்கையாகத் தோன்றுவதே வழக்கம். சுவரோடு பிறந்த குழந்தை, சுவரையும் ஆலயத்தின் ஓர் உறுப்பென்றே எண்ணி வளர்கிறது.

இவை பழங்கதைகள் என்று நாம் ஆறுதல் கொள்ள இயலாது. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில், கத்தோலிக்கரிடையே எழுந்த சாதிப் பூசலின்போது காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். 2022இல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, தலித் மக்களிலிருந்து வந்த முதல் கர்தினாலானார். நாம் மகிழ்ந்தோம், ஆயினும், இதற்கு இத்தனை நூற்றாண்டுகள் ஏன் ஆயின என்று நம்மையே நாம் கேட்டுக்கொண்டோமா? யூதரென்றும் கிரேக்கரென்றும் வேற்றுமை இல்லை எனப் பவுலடியார் கலாத்தியருக்கு எழுதியதை நாம் வாசிக்கக் கேட்கிறோம். கோயிலை விட்டு வெளியே வந்ததும் அதை மறந்துவிடுகிறோம்.

தறியில் பழைய பாவு தீரும் வேளையில், நெசவாளர் புதிய பாவை அதன் நுனியோடு இழை இழையாகப் பிணைத்த பிறகே நெய்யத் தொடங்குவர். தலைமுறைகளும் அவ்வாறே பிணைகின்றன. நம் பிள்ளைகளின் வாழ்வோடு நாம் பிணைத்துக் கொடுக்கும் இழை எது? விசுவாசமா, அல்லது நம் பாட்டனார் எழுப்பிய சுவரா? இவ்வினாவுக்கான விடையை நம் இல்லங்களிலிருந்தே தேடத் தொடங்குவோம்.