ஏரி இருந்த இடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி

மயிலாப்பூரில் மாடவீதிகளை அடுத்த பழைய வீடுகளின் கொல்லைப்புறத்துக் கிணற்றில் வாளி இறங்கும் ஓசை கேட்டதும், உறைகளின் இடுக்கிலிருந்து நாலைந்து கெண்டைகள் மேலே வந்து ஒரு வட்டமிட்டுவிட்டு மறுபடியும் இருளுக்குள் அமிழ்ந்துபோகும் காட்சியை, சிறு பிராயத்தில் பிரத்தியட்சமாகக் கண்டவர்கள் இன்னமும் சிலர் இருக்கிறார்கள். கொசுப்புழுவைத் தின்று தீர்க்கட்டும் என்பதற்காகவும், ஜலம் கெட்டுப்போனால் முதலில் அதற்குத்தான் தெரியும் என்பதற்காகவும் பெரியவர்கள் கிணற்றில் மீன் விட்டு வைத்தார்கள். கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்தின் படிகளில் உட்கார்ந்து பொரி இறைத்தபோதும், வாயைத் திறந்துகொண்டு மேலே வரும் கரிய முதுகுகளைத்தான் நாங்கள் கண்டோம். இந்த ஊர் மீனை வெகுகாலம் அறிந்திருந்தது. ஆனால் உயிருள்ள மீனை மேலிருந்து கீழே பார்த்தே அறிந்திருந்தது.

பக்கவாட்டில் பார்ப்பது என்பது கண்ணாடி தந்த வரம். லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்னும் ரசாயன சாஸ்திரி, இரண்டு பொன்மீன்களையும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் சில நத்தைகளையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்து வைத்து, ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு ஆகாரமாகி ஜலம் தானாகவே தெளிந்து நிற்கும் சூட்சுமத்தை 1850-இல் எடுத்துக்காட்டினார். 1853-இல் அந்நகரத்து மிருகக்காட்சிசாலையில் மீன்களுக்கென்று ஒரு மாளிகையே திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் பிலிப் காஸ் எழுதிய நூலின் வாயிலாக ‘அக்வேரியம்’ என்ற பெயரும் உலகத்தில் பரவிற்று.

அந்த மோகம் சென்னைக்கு வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. 1885 முதல் எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டுச் சாதிகளையும் குடிகளையும் பற்றிப் பெருந்தொகுதிகள் எழுதியவர் என்றே இன்று நினைவுகூரப்படுகிறார். ஆனால் மெரினா கடற்கரையில் உயிருள்ள மீன்களுக்கு ஒரு மாளிகை வேண்டும் என்று திட்டம் வகுத்தவரும் அவரே. 1908-இல் அவர் பதவியை விட்டுச் சென்றபின், 1909-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் தேதி அது திறக்கப்பட்டது. இந்தியாவில் அவ்விதமான முதல் காட்சிசாலை அதுவே. மிருகக்காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்றும் அருங்காட்சியகத்தை ‘செத்த காலேஜ்’ என்றும் அழைத்த அதே ஜனங்கள், கூடையிலே செத்துக் கிடக்கவே அதுவரை பார்த்திருந்த மீனின் கண்ணையும் செவுளையும், அது மூச்சு விடும் கிரமத்தையும், முகத்துக்கு நேராக நின்று பார்த்தார்கள். 1919-இல் மீன்வளத் துறையின் வசம் வந்த அக்காட்சிசாலை, இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சு அச்சத்தினால் மூடப்பட்டது. இந்நகரம் இழந்தவற்றுள் இதை ஒரு பெரிய நஷ்டமாகவே நான் கருதுகிறேன்.

இதற்கிடையே ஓர் ஏரியும் மறைந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரையில், மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே பிறைபோல வளைந்து கிடந்த மயிலாப்பூர் ஏரி, வெள்ளைக்காரர்கள் படகுப்போட்டி நடத்துமளவுக்கு விஸ்தீரணமுடையதாயிருந்தது. நகரத்தில் வீட்டுக்கு இடமில்லை என்று 1923 முதல் அதை வற்றச் செய்து மனை பிரித்தார்கள். நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயரால் தியாகராய நகர் எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்ற பெயர்ப் பலகை மட்டும் ஏரிக்குச் சாட்சியாக இன்றும் நிற்கிறது. அந்த ஏரிப் படுகையின்மேல், மூன்றாவது மாடியில், கூடத்து மேசையொன்றின்மேல் கண்ணாடித் தொட்டியிலே மீன் நீந்துவதைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்த ஏரியின் நினைவு வராமல் இருப்பதில்லை.

அப்படி ஒரு தொட்டியை வீட்டில் வைக்க விரும்புகிறவர்கள் முதலில் செய்கிற பிழையைப் பன்னிரண்டாவது வயதில் நானும் செய்தேன். இரும்புச் சட்டத்தில் பட்டி வைத்து ஒட்டிய அக்காலத்துத் தொட்டியில் காலையில் குழாய்த் தண்ணீரை நிரப்பி, அன்று மாலையே மீன்களை விட்டேன்; அவை மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து தவித்து மூன்றாம் நாள் மாண்டன. கிணற்றில் வருஷக்கணக்காக வாழ்கிற ஜீவன் கண்ணாடியில் மூன்று நாள் வாழாத காரணம் எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. மனிதரைக் காப்பதற்காகக் குழாய் நீரில் கலக்கும் குளோரின் மீனின் செவுளை அரித்துவிடுகிறது. அதற்குப் பரிகாரம் எளிது: வாளியில் பிடித்து ஓரிரு நாள் திறந்து வைத்தால் போதும், அவசரமானால் கடையில் விற்கும் குளோரின் முறிப்புச் சொட்டு மருந்து உண்டு. இரண்டாவது காரணம் ஆழமானது. மீனின் கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியா அதற்கே விஷம். அதை நைட்ரைட்டாகவும், பின்பு அவ்வளவு தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற நுண்ணுயிர்கள் கிணற்று உறையின் வழுவழுப்பான பாசியில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தன. புதிய தொட்டியிலோ அவை குடியேறுவதற்கு நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். 2 அடி நீளமும் 1 அடி அகலமும் 1 அடி உயரமும் உள்ள தொட்டி சுமார் 56 லிட்டர் கொள்ளும். அதில் கழுவிய மணலும் செடிகளும் வைத்து, வடிகட்டியை இடைவிடாது ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனியை இட்டு அழுகவிட்டால், மீனில்லாமலே அந்த நுண்ணுயிர்கள் பெருகிவிடும். அதன்பின் இரண்டு மூன்று மீனாகச் சேர்ப்பதும், வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுவதும், இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கக்கூடியதற்கு மேல் தீனி போடாதிருப்பதுமே மீதி வேலை. குளிர்நாட்டார் மின்சாரத்தால் நீரைச் சூடாக்குகிறார்கள். சென்னைவாசிக்கு அந்தச் செலவு பெரும்பாலும் இல்லை.

வளர்ப்பு மீன் கடைகள் நிறைந்த கொளத்தூரிலிருந்து வருகிற அயல்நாட்டு மீன்கள் அழகானவை என்பதில் ஆட்சேபமில்லை. எனினும் என் அபிமானம் பனையேறிக் கெண்டையின்மேல்தான். தரங்கம்பாடியில் டேனிஷ் கம்பெனியின் படை அதிகாரியாயிருந்த டால்டார்ஃப், 1791 நவம்பரில் ஒரு பனைமரத்தின் பிளவில், நீர்மட்டத்துக்கு ஐந்தடி மேலே, அம்மீன் செவுள்மூடியின் முட்களை ஊன்றி ஏறிக்கொண்டிருக்கக் கண்டதாக எழுதியது 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் ஏட்டில் வெளியாயிற்று. மரமேறும் கதையைப் பின்வந்த அறிஞர்கள் சந்தேகித்தார்களேயொழிய, நிலத்தில் ஊர்ந்து குளம் விட்டுக் குளம் போகும் அதன் சுபாவத்தை ஒருவரும் மறுக்கவில்லை. தலைக்குள் தனியாக ஓர் அவயவம் இருப்பதனால் அது காற்றையே நேராகச் சுவாசிக்கிறது. மேலே வரவிடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். ஆகையால் தொட்டியை விளிம்புவரை நிரப்பாமல் நாலு விரல் இடம் விட்டு, கனமான மூடி போடவேண்டும். ஐப்பசி மழை இறங்கும் இரவுகளில் என் வீட்டுப் பனையேறி நிலைகொள்ளாமல் எழும்பி அந்த மூடியை முட்டும்; நான் விளக்கைப் போட்டு, மூடியின்மேல் வைத்த கருங்கல் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொள்வேன்.